சுண்ணாம்பு குறைந்த அக்கானி

எங்கள் வீட்டில் குடித்தது குரங்கு என்றுதான் ஊரில் பேச்சு. அதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன். குடித்தவர் இன்னொருவரும் இருந்தார். ஊற்றிக் கொடுத்தவள் நான். அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன்.

நாகர்கோவில் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். என் வீட்டுக்காரர் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தார். மதுவிலக்கு வேண்டும், வேண்டாம் என்று டீக்கடைக்கு டீக்கடை வாக்குவாதம் நடக்கும். அவருக்கு அதில் அக்கறை இல்லை. குடி மூளையில் எதைப் போய்த் தொடுகிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். மனிதனைக் கேட்டால் பொய் சொல்வான், குரங்கு சொல்லாது என்பார். வெளிநாட்டில் குரங்குகளை வைத்து ஞாபகசக்தியைச் சோதிக்கிறார்கள் என்று எங்கோ வாசித்திருந்தார். ஒரு கோடை விடுமுறையில், கள்ளுக்கு முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு, மருந்துவாழ் மலை அடிவாரத்தில் பிடித்த இரண்டு குரங்குகளோடு வந்து இறங்கினார். வீட்டுக்குப் பின்னால் இரண்டு கூண்டு. ஒன்றுக்குத் தினமும் கள். மற்றதற்கு அக்கானி, வெளியூரில் பதநீர் என்பார்களே, அது.

இரண்டுக்கும் பரீட்சை ஒன்றுதான். மூன்று தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து, குரங்கு பார்க்கும்படி ஒன்றின் அடியில் நிலக்கடலையை வைக்க வேண்டும். பழைய வேட்டியைத் திரையாக இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். திரையைத் தூக்கியதும் எந்தச் சிரட்டையைத் திறக்கிறது என்று பார்ப்பார். அவரைக் கண்டாலே இரண்டும் பல்லைக் காட்டும். அதனால் கடலை வைப்பதும் குடிக்க ஊற்றுவதும் என் தலையில் விழுந்தது.

அதே சமயத்தில்தான் என் அண்ணனும் எங்களோடு வந்து தங்கினார். வடசேரிச் சந்தையில் காய்கறி வியாபாரம் செய்தவர். குடியால் கடை போயிற்று. அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அஞ்சுகிராமத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ‘ஆடி மாசம் வர தொடாம இருந்து காட்டட்டும், நான் வாறேன்’ என்று சொல்லி அனுப்பியிருந்தாள். இருந்து காட்டத்தான் அண்ணன் வந்தார். அவரை மறுபடி குடும்பத்தோடு சேர்த்துவைப்பது என் பொறுப்பு என்று நான் வீம்பாக ஏற்றுக்கொண்டேன்.

அப்படிப்பட்டவர் இருந்த வீட்டில் தினமும் கள்ளுப்பானை வந்து இறங்கியது. நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. பானையை அறையில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அது போதும் என்று நினைத்தேன். அண்ணனும் அந்த அறைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கை நடுக்கம் நின்றிருந்தது. கூண்டுகளின் முன்னால் உட்கார்ந்து குரங்குகளோடு வம்பளப்பார். கள் குடிப்பதைப் பங்காளி என்பார், மற்றதைச் சாமியார் என்பார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

சாமியாருக்கு அக்கானி இறங்கவில்லை. சுண்ணாம்பு நெடி அடித்தாலே துப்பிவிடும். பனை ஏறுகிறவரிடம், ‘கலயத்துல சுண்ணாம்பு கொஞ்சம் கொறச்சுத் தடவுங்க’ என்று சொன்னது நான்தான். சுண்ணாம்பு குறைந்தால், வெயில் ஏற ஏற அக்கானி புளித்துக் கள்ளாகிவிடும். எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம். எனக்கும் தெரியும். காலையிலேயே குரங்கு குடித்துவிடப் போகிறது, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன். ஆனால் காலையில் அது பாதிதான் குடிக்கும். மீதியைக் கொட்ட மனம் வரவில்லை. சாயங்காலம் குரங்குக்குக் கொஞ்சம் ஊற்றுவேன், அண்ணனுக்கு ஒரு செம்பு கொடுப்பேன்.

வாடை தெரியவில்லையா என்று கேட்பீர்கள். வீடு முழுக்கவே கள் வாடைதான். நான் வாயில் விட்டுப் பார்த்திருக்கலாம். குரங்குக்கு வைத்ததில் நான் வாய் வைக்க மாட்டேன். அண்ணனுக்கு மட்டும் கொடுப்பேன். வக்கற்று வந்து நின்ற மனிதருக்கு அது போதும் என்று எனக்குள் இருந்திருக்கிறது.

முதல் நாள் ஒரு மடக்குக் குடித்ததும் அண்ணன் செம்பை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார்.

“என்ன அண்ணா, நல்லா இல்லியா?”

“நல்லாத்தான் இருக்கு மக்கா” என்று சொல்லி மீதியை ஒரே மூச்சில் குடித்தார்.

தங்கை கையால் கொடுத்ததில் மனம் இளகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கிருந்த புத்தி அவ்வளவுதான். அதிலிருந்து எங்கே போனாலும் நாலு மணிக்கு வந்து, “அக்கானி உண்டுமா?” என்று நிற்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் திருந்திவிட்டார், அக்கானியோடு சரி, தைரியமாக வரலாம் என்று அண்ணிக்கு ஆள் அனுப்பிச் சொன்னேன்.

இதற்கிடையில் சாமியாரும் சிரட்டையைத் தப்பாகத் திறக்கத் தொடங்கியது. என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “கள்ளு குடிக்கதும் மறக்கு, குடிக்காததும் மறக்கு. அப்போ நான் எதக் கண்டுபிடிச்சேன்?” வெயில் மண்டையில் ஏறியிருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். உண்மையைச் சொன்னது அந்தக் குரங்குதான். எங்கள் இருவருக்கும் அது விளங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீட்சை முடிந்து சிரட்டைகளை அடுக்கப்போனேன். செம்பைக் காலி செய்துவிட்டு அண்ணன் கூண்டுப் பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“எனக்கும் ஒண்ணு வச்சுப் பாரு மக்கா.”

விளையாட்டு என்று வைத்தேன். அவர் கண் முன்னால் நடுச் சிரட்டையின் அடியில் கடலையை வைத்துத் திரையை இறக்கினேன். தூக்கியதும் ஓரத்துச் சிரட்டையைத் திறந்தார். நாங்கள் சிரித்தோம். இன்னொரு முறை வைக்கச் சொன்னார். அதுவும் தப்பு. மறுபடியும் வைக்கச் சொன்னார். அப்போது நான் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்களைச் சிரிக்கவைக்கத்தான் செய்கிறார் என்று நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். என் வீட்டுக்காரர், “பங்காளியே தேவலை மச்சான்” என்றார்.

அண்ணனும் சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “மாப்பிள, இந்தக் குரங்குக்கு நிப்பாட்டினா பழையபடி தெளியுமா?”

“நிப்பாட்டிப் பாத்தாத்தான தெரியும்.”

“அப்போ நிப்பாட்டிப் பாரும்.”

“இப்போ முடியாது மச்சான். காலேஜ் தொறக்கது வர கொடுக்கணும்” என்றார் இவர்.

அண்ணன் தலையாட்டினார். மறுநாள் காலையில் போனவர் நாலு மணிக்கு வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. அவருக்கென்று வைத்திருந்த அக்கானியைக் கொட்டப் போனபோதுதான் பானையில் நுரை பொங்கியிருந்ததைக் கண்டேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கள். அண்ணி பிள்ளைகளோடு வந்து, அண்ணன் இல்லாத வீட்டைப் பார்த்து, என்னைத் திட்டாமலே திரும்பிப் போனாள்.

என் வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். அவர் முதலில் நினைத்தது ஆராய்ச்சி கெட்டுப்போனதைத்தான். அதற்காக அவரைப் பல வருஷம் மன்னிக்காமல் இருந்தேன். என் மேல் எனக்கே இருந்த கோபத்தைக் கொட்ட எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. இரண்டு குரங்குகளுக்கும் எல்லாவற்றையும் நிறுத்தி, தண்ணீரும் பழமும் மட்டும் வைத்தோம். பங்காளி கொஞ்ச நாள் கம்பியைப் பிடித்து உலுக்கிக் கத்தியது. பிறகு அடங்கியது. பிறகு ஒரு நாள் சரியான சிரட்டையைத் திறந்தது. அடுத்த நாளும் திறந்தது.

அண்ணன் தேங்காய்ப்பட்டணத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் பிடித்துப் போனேன். மீன் காயப்போடும் வாடிக்கு வெளியே கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கை நடுங்கியது. நான் அழுதுகொண்டே, “நான் தந்த அக்கானி புளிச்சதுன்னு எனக்குத் தெரியாது அண்ணா” என்றேன்.

“எனக்குத் தெரியும் மக்கா. மொத மடக்குலயே தெரியும். சொன்னா மறுநாள் தரமாட்டியே.”

அவரைக் கட்டாயம் திரும்பக் கூட்டிவந்துவிடலாம் என்று நினைத்து ஒரு செய்தியைக் கையில் வைத்திருந்தேன். சொன்னேன்.

“பங்காளி தெளிஞ்சிட்டு அண்ணா. சிரட்டையச் சரியாத் தொறக்கு.”

அண்ணன் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. “நெசமாவா?” என்றார். பிறகு கேட்டார்: “அதுக்கு இப்போ யாரு ஊத்திக் கொடுக்கா?”

“யாரும் கொடுக்கல்ல.”

“அப்போ தெளியத்தானே செய்யும்” என்றார் அண்ணன். என்னைக் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பஸ் வரும்வரை என் கூடவே நின்று ஏற்றிவிட்டார். அடுத்த மழைக்காலம் அவர் இல்லை.