மூன்று பிரேதம் கண்ட கோட்டு

நிவாரண அட்டையில் லூர்த்தம்மாவைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்கள்: "தங்கி வாழ்பவர். தொழில் இல்லை." காங்கேசன்துறையில் மீன்கடகம் சுமந்து, புருஷன் மரியரட்ணம் இளைப்பு வந்து படுத்தபின் அவரையும் சுமந்து, தொண்ணூறாம் ஆண்டு ஷெல்லடிக்குள் அவரைச் சைக்கிளில் இருத்தி யாழ்ப்பாணம்வரை உருட்டி வந்தவளைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள்.

அந்த ஓட்டத்திலும் அவள் விடாமல் கொண்டுவந்தது அவருடைய கலியாண வேட்டி. "என்னை இதோடைதான் அனுப்போணும்" என்று அவர் கேட்டிருந்தார். அவளும் ஓமென்றிருந்தாள்.

தொண்ணூற்றிரண்டில் அவர் கண்மூடியதும் அவருடைய தமையன் கிறிஸ்துநாயகம் ஒரு கோட்டோடு வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரத் துரையிடம் கிளாக்கராக இருந்தவர். துரை கப்பலேறி எத்தனையோ காலமாகியும் இவர் மட்டும் இன்னும் அவருக்கு மரியாதையாக எழுந்து நின்றுகொண்டே இருந்தார்.

கோட்டு குடும்பச் சொத்து. படுத்திருப்பவருக்கு மாட்டச் சுலபமாக முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டி வைத்திருந்தது. தகப்பன், சித்தப்பன், மாமன் என்று மூன்று பிரேதங்களுக்குப் போட்டுப் படம்பிடித்து, பெட்டி மூடுமுன் கழற்றி, பூச்சியுருண்டை வைத்து மடித்தது. மூவரும் உயிரோடு இருந்தவரை இடுப்பில் சுற்றிய சரத்தோடு திரிந்தவர்கள். பூச்சியுருண்டைக்கு அடியிலிருந்து வேறொரு வாடையும் வந்தது. அது என்னவென்று மரியாதைப்பட்ட குடும்பத்தில் யார் கேட்பது?

"அத்தான், அவர் வேட்டிதான் கேட்டவர்."

"விசர்க்கதை கதையாதை, பிள்ளை. லண்டனிலை உன்ரை மோன் படம் பாப்பான். தேப்பன் வேட்டியோடை கிடந்தா அவனுக்கு வெக்கமில்லையே?"

"அவன் பிறந்ததிலையிருந்து தேப்பனை வேற எதோடை கண்டவன்?"

"அது உயிரோடை! செத்தாப்பிறகாவது மனிசன் ஜென்டில்மனாக் கிடக்கவேண்டாமே?"

கோட்டு ஏறியது. கழுத்தில் ரை ஏறியது. சப்பாத்து மட்டும் ஏறவில்லை. கடற்கரை மணலில் விரிந்த பாதம். கிறிஸ்துநாயகம் பிளேட்டால் சப்பாத்தின் குதியைப் பிளந்து திணித்தார். திணித்துவிட்டு, தள்ளி நின்று, "வெரி ஸ்மார்ட்!" என்றார். பிரேதத்தின் மூக்கில் ஈ இருந்தது.

பக்கத்து வீட்டு றோஸ் குனிந்து, "மாமி, மாமா வழக்குக்குப் போறவர் மாதிரிக் கிடக்கிறார்" என்று குசுகுசுத்தாள்.

லூர்த்தம்மா புருஷனின் மூக்கிலிருந்த ஈயை விரட்டினாள்.

படக்காரன் ஒழுங்கை முனைக்கு வந்துவிட்டான் என்றதும் கிறிஸ்துநாயகம் அவனை இங்கிலீசில் வரவேற்க முற்றத்துக்கு ஓடினார். சனமும் பின்னால் போனது.

லூர்த்தம்மா கதவைப் பூட்டினாள். கோட்டையும் ரையையும் சப்பாத்தையும் கழற்றினாள். புருஷனுக்கு வேட்டி கட்டினாள். கோட்டைச் சுருட்டிப் பெட்டிக்குள் அவர் காலுக்கடியில் வைத்து, மேலே வெள்ளைத்துணியை இழுத்துவிட்டாள். பிறகு கதவைத் திறந்து படக்காரனைக் கூப்பிட்டாள்.