சரிவுப் பாதையில் நின்ற தண்ணீர்

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் எங்கள் சந்து. அங்கே சாலையில் ஓடும் மழைநீரை ஓரத்துச் செடிப்பாத்தியில் தேக்கும் திட்டம் வந்தது. குடியிருப்பாளர் கூட்டத்துக்கு, ஓய்வுபெற்ற அதிகாரியான என்னைத் தலைவராக்கினார்கள். விதிமுறைகள் எனக்கு அத்துப்படி.

எதிரே பூக்கடை வைத்திருக்கும் மல்லிகா எழுந்தார். "சார், உங்க அடுக்குமாடி புளோக்கோட வீல்சேர் சரிவுப் பாதைகிட்டதான் தண்ணி நிக்கும். பாத்திய அங்க வைக்காதீங்க லா."

"கருத்துகளைப் படிவத்துல எழுதித் தரணும். கெடு நேத்தோட முடிஞ்சிடுச்சு" என்றேன். படிவம் அச்சடித்தவனே நான்தான்.

பாத்தி அங்கேயே அமைந்தது. போன மாதம், முழங்கால் அறுவைசிகிச்சையில் தையல் போட்ட இடம் வீங்கிப்போன என் மனைவியைச் சக்கர நாற்காலியில் மருத்துவமனைக்குக் கிளப்பினேன். அடைமழை. பாத்தி நிரம்பி, சரிவுப் பாதை மூழ்கியிருந்தது. தையல் நனையக்கூடாது, இன்னொரு பக்கம் வெறும் படிக்கட்டு. எங்களுக்காக நின்ற டாக்சி போயே போய்விட்டது. வலியில் அவள் முனக, ஒரு மணி நேரம் அங்கேயே அடைபட்டிருந்தோம்.

மல்லிகா கடையிலிருந்து கத்தினார்: "சார், இப்பவாச்சும் படிவம் கொண்டாரவா?"

"ரெண்டா கொண்டாம்மா, இவருக்கு நகலும் வேணும்" என்றாள் மனைவி.

தண்ணீர் வடிந்த பிறகே மருத்துவரைப் பார்த்தோம். நல்லவேளை, தையல் தப்பியது.

இப்போதெல்லாம் எந்தத் திட்டத்துக்கும் வரைபடத்தை விரிக்கும்முன், மழையில் அந்த இடத்தை நடந்தே பார்க்கிறோம். முன்னால் மல்லிகா போகிறார். பின்னால் நான், குடை பிடித்துக்கொண்டு அவர் சொல்வதை எழுதுகிறேன்.