அறிவிப்பாளர் வீட்டுக் காலை

என் அண்ணிக்கு வாய்தான் பிழைப்பு. நாத்தனார் பொல்லாப்பில் இதைச் சொல்லவில்லை. வெளியூர் பஸ்கள் வந்து போகும் பெரிய நிலையத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எங்கே நிற்கிறது, எது தாமதம், எந்தப் பிள்ளை அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறது என்றெல்லாம் மைக்கில் சொல்வதுதான் அவள் வேலை. ஓடுகிறவன்கூட அந்தக் குரலைக் கேட்டால் நின்றுவிடுவான். என் அண்ணன் அப்படி நின்றவன்தான். டிப்போ மெக்கானிக்கான அவன் ஒருநாள் கிரீஸ் கையோடு போய்க் கூண்டைத் தட்டி, நேற்று ஏன் உங்கள் குரல் வரவில்லை என்று கேட்டிருக்கிறான். தொண்டை கட்டிக்கொண்டது என்றாளாம். அந்தக் கேள்விதான் அவன் ஆயுசில் பேசிய நீளமான வாக்கியம் என்று நான் கிண்டல் செய்வேன். அதற்கும் "ம்" என்பான்.

வயதில் அவள் என்னைவிடச் சின்னவள், முறைக்கு அண்ணி. அதனால் நேரில் 'நீங்க', மனதுக்குள் 'அவள்'. நான் அவர்கள் வீட்டுப் பெட்டியறையில்தான் இருக்கிறேன். மருந்துக்கடையில் எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை என்பதால், அந்த வீட்டுக் காலைகளை எல்லாம் அனுபவிக்கும் பாக்கியம் எனக்கு.

வீட்டுக்கு வந்தாலும் அண்ணியின் மைக் அணையாது. "குளியலறைக்குச் செல்ல வேண்டியவர்கள் உடனே புறப்படவும். பல் துலக்கும் வண்டி கிளம்பத் தயாராக உள்ளது." பிள்ளைகள் இரண்டில் பெரியவளுக்கு இதில் ஒரே கும்மாளம். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள், அம்மாவின் வாயை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். நாங்கள் அவளை வாலு என்போம். ஒரு பக்கம் அண்ணி அறிவிப்பாள், மறுபக்கம் வாலு அதைத் திருப்பிச் சொல்வாள், நடுவில் நான் கத்துவேன், பால் பொங்கும், ஒரு காலுறை கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. இத்தனைக்கும் நடுவே சின்னவன் சட்டையில்லாமல் கூடத்தில் நின்றுகொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவனுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

காதைச் சோதித்தாகிவிட்டது, குறை இல்லை என்றார்கள். சொன்னதெல்லாம் அவனுக்குப் புரியும். செருப்பு எங்கே என்றால் எடுத்து வருவான். வேண்டியதைக் கைநீட்டிக் காட்டுவான், இல்லாவிட்டால் புடவையைப் பிடித்து இழுப்பான். வாய் மட்டும் வரவில்லை. வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்வீட்டுக்காரி போனைக் குற்றம் சொன்னாள். எங்கள் பெரியம்மா, அம்மா வேலைக்குப் போனால் இப்படித்தான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். கூண்டுக்கு வெளியே டிக்கெட் கிழிக்கிற ஆள் ஒருத்தன், சிரித்துக்கொண்டேதான் சொன்னானாம், "ஊருக்கெல்லாம் பேசுறீங்க, பெத்த பிள்ளைக்கு வாய் வரலையே." அண்ணி அன்று வீட்டுக்கு வந்து அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை. அந்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அன்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் சின்னவன் பேசாவிட்டால் மைக்கை விட்டுவிடுவது. மேலாளரிடம் சொல்லியும் விட்டாள். அவரும் ஒரு புதுப்பெண்ணைக் கூண்டில் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கத் தொடங்கினார். "வேற குரல் பழகிட்டா யாரும் என்னைத் தேட மாட்டாங்க" என்று அண்ணி சிரித்தாள். அந்த மைக்குக்கு முன்னால் அவளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவள் அங்கே எப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள் என்று.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் ஒருவரிடம் போனோம். அவர் சின்னவனோடு தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கினார். பிறகு எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காலையில் எழுந்ததிலிருந்து வீட்டைவிட்டுக் கிளம்பும்வரை தினமும் நடப்பதை நடக்கிறபடி போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எதையும் சோடிக்க வேண்டாம். படம் எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

சோடிக்க வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? மறுநாள் விடிவதற்குள் சன்னலில் புதுத் திரை தொங்கியது. பிள்ளைகள் இருவருக்கும் கல்யாணத்துக்குப் போகிற உடுப்பு. வாலுவின் தலையில் என் கையகலத்துக்கு ரிப்பன். அண்ணி பல்விளக்கும் தொட்டி அருகே நின்று, "இப்போது சின்னவர் பல் துலக்குகிறார்" என்று சுத்தத் தமிழில் தொடங்கியதும் நான் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. அப்படியே அனுப்பினோம். மேடத்திடமிருந்து பதில் வந்தது: "விசேஷ வீடு மாதிரி இருக்கு. உங்க வீட்டைக் காட்டுங்க."

அண்ணி அன்றே புதுத் திரையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டாள். அவமானம். போதாக்குறைக்கு நான் வேறு சிரித்துத் தொலைத்திருந்தேன்.

பிறகு போனை ஃபிரிட்ஜ் மேல் பிஸ்கட் டப்பாவில் சாய்த்து வைத்தேன்; அங்கிருந்து பல்விளக்கும் தொட்டி, கூடம், வாசல் எல்லாம் தெரியும். முதல் நாள் எல்லோரும் அதைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். போகப்போக மறந்தே போனோம். அதற்குப் பிறகு அது பார்த்ததுதான் எங்கள் வீடு. வாலு ஒரே செருப்போடு வீடு முழுக்கத் தேடுகிறாள். அண்ணன் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய், திரும்பி வந்து, எடுத்துக்கொண்டு சாவியை மறக்கிறான். நான் தலையில் எண்ணெயோடு, வாலுவின் பின்னலைப் பல்லில் கடித்துப் பிடித்தபடி ஏதோ திட்டுகிறேன். அண்ணி ஒரு கையில் கரண்டியும் மறு கையில் சின்னவனின் சட்டையுமாக, "இரு இரு, அம்மா தர்றேன், இரு இரு, அம்மா போடறேன்" என்று ஓடுகிறாள். ஓடிக்கொண்டேதான் இருக்கிறாள். ஒரு இடத்தில் நிற்பதாகப் படத்தில் எங்கும் இல்லை.

அதை எல்லாம் அனுப்பிய பிறகு மேடம் எங்களைக் கூப்பிட்டார். அண்ணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, திட்டு வாங்கத் தயாராகப் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். மேடம் படத்தை ஓடவிட்டதும் அண்ணி விளக்கம் சொல்லத் தொடங்கினாள்: அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை, பெரியவளுக்குப் பரீட்சை, எப்போதும் இப்படியில்லை. மேடம் புன்னகையோடு சத்தத்தைச் சுத்தமாக அணைத்தார்.

"கொஞ்சம் சத்தம் இல்லாம பார்க்கலாம். சின்னவனை மட்டும் பாருங்க" என்றார்.

பார்த்தோம். சின்னவன் தொட்டி முன்னால் பிரஷ்ஷோடு நிற்கிறான். தண்ணீர்க் கோப்பையைப் பார்க்கிறான், அம்மாவைப் பார்க்கிறான். உதடு மெல்லக் குவிகிறது. குவிந்து முடிவதற்குள் ஒரு கை வந்து கோப்பையை அவன் வாயில் வைக்கிறது. அடுத்தது சட்டை. ஒரு கையை நுழைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறான். வாய் திறக்கிறது. மறுகை அவனைக் கேட்காமலே சட்டைக்குள் போய்விடுகிறது. ரொட்டித் தட்டின் முன்னால் வாய் திறக்கிறது. வாலு முந்திக்கொண்டு கையை ஆட்டி ஏதோ சொல்ல, ரொட்டி வருகிறது. வாசலில் வாய் திறக்கிறது. இந்தத் தடவை செருப்பை அவன் காலடியில் வீசுவது யார் என்று பார்த்தால், நான்.

எத்தனை தடவை அந்தக் காலைகளில் நான் அங்கேயே நின்றிருக்கிறேன்! ஒரு தடவைகூட அவன் வாயைப் பார்க்கவில்லை.

அண்ணியின் கை வாரிலிருந்து நழுவியது. "வாயைத் திறக்கிறான்" என்றாள். பிறகு, அந்தக் கூண்டுக் குரல் எங்கே போயிற்றோ, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "அவன் வாயைத் திறக்கிறானே" என்றாள்.

தப்பு என்று எதுவும் இல்லை என்றார் மேடம். பேச்சுக் கேட்டு வளர்வது பிள்ளைக்கு நல்லதுதான், அதனால்தான் இவனுக்கு எல்லாம் புரிகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் காரணம் வேறு, எல்லோருக்கும் இதேதான் என்று சொல்லிவிட முடியாது. இவனுக்கு வார்த்தை கிளம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது போலிருக்கிறது. ஆகவே பேச வேண்டியதைப் பேசிவிட்டு, நிறுத்திவிட்டு, அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் நிறுத்தணும் என்று அண்ணி கேட்டாள். அவனுக்கு வேண்டிய நேரம் என்றார்.

இதைவிட அவளை ஒரு மலையைத் தூக்கச் சொல்லியிருக்கலாம். அவள் கூண்டில் சத்தம் நின்றால் மைக் பழுது என்று பொருள், மேலாளர் ஓடி வருவார். அப்படிப் பழகியவள் காலை நேரத்தில், பஸ் பிடிக்கிற அவசரத்தில், வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படி? துண்டின் முனையைக் கடித்துக்கொண்டு நின்றாள். கை தானாகக் கோப்பைக்குப் போகும், இழுத்துக்கொள்வாள். வாலுவை அடக்குவது அதைவிடப் பெரும்பாடு. கடைசியில் போனை அவள் கையிலேயே கொடுத்து, படம் எடுக்கிறவர்கள் பேசக்கூடாது, பேசினால் படம் கெட்டுப்போகும் என்று ஒரு சட்டம் போட்டேன். வாலு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு தம்பி பின்னாலேயே அலைந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. வீடு திடீரென்று அமைதியானதில் சின்னவன்தான் மிரண்டான். கோப்பை வரவில்லை என்று அழுதான், ரொட்டி வரவில்லை என்று தட்டைத் தள்ளினான். இழவு வீடு மாதிரி இருந்தது. அண்ணிக்குத் தினமும் வேலைக்குத் தாமதம், மேலாளரிடம் தினமும் பேச்சு. எனக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தே தரை தேய்ந்தது. ஒரு நாள் அண்ணி தரையில் சிந்திய பாலைத் துடைத்தபடி, நாளைக்கே மேலாளரிடம் முடிவைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். வீட்டில் இருந்தாலாவது இவனோடு நாள் முழுக்க இருக்கலாம். அண்ணன் சாவியைத் தேடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "உன் குரல் வராம அந்த ஸ்டாண்டு நல்லா இருக்காது" என்றான். அவ்வளவு நீளமாக அவன் பேசியதில் நான் கிண்டல் செய்யக்கூட மறந்தேன்.

மறுநாள் காலை. அண்ணி சீருடைப் புடவை கட்டித் தயாராக இருந்தாள். காலை முறையின் முதல் பஸ்ஸுக்கு அவள்தான் அறிவிக்க வேண்டும், அன்று புதுப்பெண் வர நேரமாகும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். சின்னவன் மட்டும்தான் பாக்கி, அவனுக்குச் சட்டை போட்டால் கிளம்பிவிடலாம். அவன் ஒரு கையை நுழைத்துவிட்டு, வழக்கம்போல நின்றான். அண்ணியின் பைக்குள் போன் அடித்தது. மேலாளர்தான். மறுபடியும் அடித்தது. அவளும் மனுஷிதானே, எவ்வளவுதான் பொறுப்பாள்? மண்டி போட்டு உட்கார்ந்து அவன் மறுகையைப் பிடித்தாள்.

சின்னவன் அவள் கையைத் தள்ளிவிட்டான்.

"இரு" என்றான்.

தெளிவாக, கொஞ்சம் எரிச்சலோடு சொன்னான். அம்மா என்றோ அத்தை என்றோ சொல்வான் என்று நாங்கள் இத்தனை நாள் காத்திருந்தோம். அவனோ, அண்ணி அவனிடம் நாளெல்லாம் சொல்கிற அதே வார்த்தையை எடுத்து அவளிடமே கொடுத்தான். வாலு ஒரு கையால் போனையும் மறு கையால் தன் வாயையும் பிடித்துக்கொண்டு, கண்கள் பிதுங்க நின்றாள். சட்டத்தை மீறவில்லை, என் தங்கம்.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. துடைக்கக் கையைத் தூக்கினால் அவன் பயந்துவிடுவானோ என்று கையைக்கூடத் தூக்கவில்லை.

"சரிப்பா, இருக்கேன்" என்றாள்.

அவன் சட்டையின் கையைத் தேடினான். துணி உள்பக்கம் மடங்கிக் கிடந்தது. காலரில் கையை விட்டான், எடுத்தான், ஒரு சுற்றுச் சுற்றினான், சட்டையும் கூடவே சுற்றியது. பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் சுவரில் சாய்ந்து நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக சட்டைக் கைக்குள்ளிருந்து அவன் விரல்கள் எட்டிப் பார்த்தபோது, அவன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை, பொத்தானுக்குப் போனான்.

அண்ணி அன்று போய் மேலாளரிடம் சொன்னது வேறு. காலை முறையைப் புதுப்பெண்ணுக்குக் கொடுங்கள், நான் பிள்ளைகள் கிளம்பிய பிறகு வருகிறேன், மைக்கை விடுவதாக இல்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அன்று காலை அந்த முதல் பஸ் அறிவிப்பே இல்லாமல் கிளம்பிப் போயிருக்கிறது. யாரும் அதைத் தவறவிடவில்லையாம்.