மாலை போட்ட படம்

என் சாச்சி மகள் போருக்குத் தப்பி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பதினொன்று. உம்மாவின் தங்கையைத்தான் சாச்சி என்போம். ஏமனில் ஒரு ஓட்டலில் சாச்சா சமையல் வேலை பார்த்தார். குண்டு விழத் தொடங்கியதும் சாச்சியும் மகளும் கப்பலேறி, நடுவில் ஏதோ ஒரு நாட்டில் இறங்கி, அங்கிருந்து விமானத்தில் கொச்சிக்கு வந்து, செங்கோட்டை வழியாகத் தென்காசிக்கு வந்து சேர்ந்தார்கள். சாச்சாவால் வர முடியவில்லை. அவருடைய பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. முதலாளி ஊரைவிட்டே ஓடியிருந்தார். பின்னாலேயே வருகிறேன் என்று துறைமுகத்தில் சொல்லி அனுப்பிய மனிதரிடமிருந்து அதற்கப்புறம் ஒரு போன்கூட இல்லை.

இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்குத் தெரிந்தது வேறு. ஜன்னலோரக் கட்டில் அதுவரை என்னுடையது, அவளுக்குப் போய்விட்டது. ஆட்டு ஈரல் வறுத்தால் முதல் துண்டு அவள் தட்டில் விழுந்தது. தெருப் பெண்கள் சாச்சியைப் பார்க்க வந்துவிட்டு அவள் தலையைத் தடவி, "என் கண்ணே, என் கிளியே" என்று கலங்கினார்கள். என் தலையை யாரும் தடவவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

என் வாப்பாவும்தான் வீட்டில் இல்லை. அவர் சவுதியில், தம்மாமில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, பெட்டி பிரித்து, பிரியாணி தின்று, எனக்குப் பழகும் நேரத்தில் கிளம்பிவிடுவார். அவளோ பிறந்ததிலிருந்து தினமும் வாப்பாவின் தோளில் தொங்கியவள். இந்தச் சில வாரங்கள்தான் இல்லை. அதற்கு இத்தனை ஈரலா?

ஒருநாள் கேட்டேவிட்டேன். உம்மா அரிவாள்மணையிலிருந்து தலை தூக்காமலே சொன்னாள்: "ஏட்டி, ஒங்க வாப்பா தெனமும் போன்ல வாராஹல்லா. அவ வாப்பா எங்கன கெடக்காஹன்னே தெரியல. வாய மூடிட்டுப் போ."

அந்த வெயில் காலத்தில்தான் குற்றாலத்துக்கு ஒரு சினிமாக் குழு வந்தது. சீசன் தொடங்கவில்லை, ஐந்தருவியில் வெறும் பாறைதான் தெரிந்தது. அங்கே பழக்கடை வைத்திருக்கும் என் மாமா, வியாபாரம் இல்லாததால், படப்பிடிப்புக்கு டீயும் வடையும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். படத்தின் கதையையும் அவர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரன் காலம். கடையம் பக்கத்து விவசாயி ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போகிறான். அவனுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் அவன் இல்லாமலே வளர்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைத்தான் தேடுகிறார்கள் என்றார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. பள்ளி ஆண்டு விழாவில் என்னைவிட்டு நாடகம் நடந்ததில்லை. உம்மா வேண்டாம் என்றாள். மாமா, "சின்னப் புள்ளைய தானக்கா, லீவுல வீட்டுல கெடந்து என்ன செய்யப் போவுது?" என்று சொல்லி, எங்கள் இரண்டு பேரையும் தன் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அவளும் வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கொஞ்சம் வெளிக்காற்று படட்டும் என்று உம்மாதான் அனுப்பினாள்.

தேர்வில் நான் அழுதேன், சிரித்தேன், மயங்கி விழுந்து காட்டினேன். அவள் நின்றாள். அவ்வளவுதான். பெயர் கேட்டதற்குக்கூட மெதுவாகத்தான் பதில் சொன்னாள். டைரக்டர் தன் உதவியாளரிடம், "இந்தப் பொண்ணு கண்ணுல என்னமோ இருக்குய்யா" என்றார். மூத்த மகள் அவள். நான் தங்கை. தங்கைக்கு வசனம் கிடையாது. தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று என் கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று வெகுநேரம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. போன வாரம் வந்த கண்கட்டியின் தழும்புதான் இருந்தது.

ஐந்தருவிப் பாதையில் ஒரு பழைய ஓட்டு வீட்டை அவர்கள் விவசாயியின் வீடாக மாற்றியிருந்தார்கள். முதலில் எடுத்தது தகப்பன் புறப்படும் காட்சி. பாவாடை சட்டையில் அவள் வாசலில் நிற்கவேண்டும். தகப்பன் அவள் தலையில் கைவைத்துவிட்டு வண்டியில் ஏறுவார். கேமரா ஓடியபோது, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவள் நடிகரின் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து, "பேப்பரெல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். நடிகர் திகைத்துப்போய், "எடுத்துக்கிட்டேன் தாயி" என்றார். டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அன்று முழுக்க அங்கே அதே பேச்சு. அவளுக்கு இளநீர் வந்தது. குடை வந்தது. தூணுக்குப் பின்னால் நின்ற என்னை எறும்பு கடித்தது.

திரும்பி வரும்போது, "யாரு சொல்லித் தந்தா ஒனக்கு?" என்று கேட்டேன். அவள் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன திமிர் என்று நினைத்தேன்.

அடுத்து வந்தது சாவுச் செய்தி வரும் காட்சி. அன்று சாச்சியும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். கூடத்தில் நடிகரின் பட்டாள உடைப் படத்தைச் சுவரில் மாட்டி, சந்தனப் பொட்டு வைத்து, ரோஜா மாலை போட்டிருந்தார்கள். மகள்கள் இருவரும் அதன் முன் உட்கார்ந்து அழவேண்டும். அவள் உள்ளே வந்தாள். படத்தைப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி மாலையைக் கழற்றிவிட்டாள்.

"என்னம்மா பண்ற?" என்றார் உதவி டைரக்டர்.

"இது வேண்டாம். அவங்க வந்துருவாங்க."

"கதைதானம்மா இது. அவர் அங்க உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கார் பாரு."

"கதைன்னாலும் வேண்டாம்."

டைரக்டர் வந்து கெஞ்சினார். மாமா வந்து, "ஏட்டி, சொன்னபடி கேளுட்டி" என்று அதட்டிப் பார்த்தார். அவள் மாலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஸ்டூலிலேயே நின்றாள். கடைசியில் சாச்சி எழுந்து வந்தார். அவளை இடுப்போடு தூக்கி இறக்கி வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. டைரக்டர் சுற்றிலும் பார்த்தார். தூணைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன்.

"நீ அழுவியா?"

"அழுவேன் சார்."

மாலையைத் திரும்பவும் போட்டார்கள். டைரக்டர் என் முன் குந்தி உட்கார்ந்து, "அது உங்க அப்பா. இனிமே வரவே மாட்டார். அதை மட்டும் நினைச்சுக்கோ" என்றார். கண்ணில் போட மருந்து எடுத்து வந்த பையனுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. நான் தரையில் விழுந்து அழுதேன். 'கட்' சொன்ன பிறகும் நிறுத்த வரவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பட்டாளத்து நடிகர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டார்.

சரக்கு ஆட்டோவில் திரும்பும்போது அவள் என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். சாதாரணக் கிள்ளல் இல்லை. நகம் பதிந்து ரத்தம் கசிந்தது. சாச்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. எனக்கு வலித்தது. ஆனால் வலியைவிட சந்தோஷம் அதிகமாக இருந்தது. அவளுக்கு என்மேல் பொறாமை! வந்த நாள்முதல் நான் அவளைப் பார்த்து வெந்ததற்கெல்லாம் சேர்த்து, ஒரே நாளில் அவள் என்னைப் பார்த்து வேகிறாள். கையை வெளியே நீட்டிக் காற்றில் காட்டிக்கொண்டே வந்தேன்.

சாச்சா பிறகு வந்து சேர்ந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால், பாதி ஆளாக இளைத்து, தாடியோடு வந்தார். அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. எதிரில் நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் கடைக்குப் போனாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டே போனாள். படமும் தென்காசியில் வெளியாகி ஒரு வாரம் ஓடியது. அவள் பார்க்க வரவில்லை.

நான் சொல்ல வந்தது அந்தக் கிள்ளு வாங்கிய சாயங்காலத்தை. மஃரிப் தொழுகை முடிந்த நேரம் வாப்பாவிடமிருந்து போன் வந்தது. உம்மா கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். சின்னத் திரையில் வாப்பா, பின்னால் இரண்டடுக்குக் கட்டில், யாரோ காயப்போட்ட லுங்கி.

"வாப்பா, இன்னைக்கு எனக்குத்தான் எல்லாரும் கை தட்டுனாங்க! அவளுக்கு ஒரே பொறாமை வாப்பா, கிள்ளி வச்சிட்டா, பாருங்க."

"அப்படி என்ன நடிச்ச என் ராசாத்தி?"

"வாப்பா மௌத்தாயிட்டாங்க. செவுத்துல படம் மாட்டி மாலை போட்டிருக்கு. நான் ஒங்கள நெனச்சுக்கிட்டேனா, அழுக அழுகயா வந்துட்டு."

வாப்பாவின் முகம் அப்படியே நின்றது. உதடு அசையவில்லை. பின்னால் லுங்கி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"வாப்பா? கேக்குதா? வாப்பா?"

போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். கட்டில்மேல் ஏறி நின்றும் பார்த்தேன். பிறகு உம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நெட்டு அப்படியே நின்னுட்டும்மா" என்றேன்.