அங்கமுத்துவின் இரண்டு விரல்கள்

அங்கமுத்துவுக்கு வாயைவிடக் கை முந்தும். கொமரலிங்கத்தில் பிறந்து, இருபது வயதில் பட்டாளத்துக்குப் போய், முப்பத்து மூன்றில் திரும்பி, திருப்பூரில் கட்டிங் மாஸ்டராகி, அருள்புரத்தில் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்து, 2009-ல் அறுபத்தெட்டு வயதில் கண்ணை மூடியவர். இத்தனை வருஷத்தில் "என் தப்பு" என்று அவர் சொல்லிக் கேட்டவர்கள் மொத்தம் இரண்டே பேர். அதுவும் ஒரே நாளில், ஒரே தடவைதான் கேட்டார்கள்.

எழுபத்தொன்று டிசம்பரில், கிழக்கு வங்காளத்தில் ஒரு வாய்க்கால் மேட்டில் அவர் எதிரிச் சிப்பாய் ஒருவனைக் கொன்றார். சண்டையில் கொல்லத்தானே செய்வார்கள் என்பீர்கள். அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். நல்ல பகல் வெளிச்சம். கைகள் காலியாக இருந்ததை அங்கமுத்து பார்த்தார். பார்த்த பிறகும் துப்பாக்கிமுனைக் கத்தியை வயிற்றில் ஏற்றினார். மூன்றாவது குத்தில் கத்தி விலாவில் மாட்டிக்கொண்டது. காலால் மார்பை மிதித்து உருவினார். கூட இருந்தவர்கள் ஓடி வந்து முதுகில் தட்டிக் கொடுத்தார்கள், அவரும் சிரித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் லீவில் ஊருக்கு வந்தார். சோறு போட்டுக்கொண்டே அவர் மனைவி மாரக்காள் கேட்டாள்.

"ஏனுங்க, சண்டையில ஆரையாச்சுங் கொன்னீங்களா?"

பாவம், சும்மா பேச்சுக்குக் கேட்டாள். விழுந்த அறையில் கரண்டி ஒரு பக்கம் போக, அவள் ஒரு பக்கம் போய் விழுந்தாள். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துவரை வழிந்தது. வைத்தியரிடம், "வாசப்படியில வழுக்கி உழுந்துட்டாளுங்க" என்றார் அங்கமுத்து. அவளும் தலையை ஆட்டினாள். அந்தக் காது அதோடு போயிற்று.

திருப்பூருக்கு வந்து கத்தரிக்கோல் பிடித்த கை, சீக்கிரமே தொழிலைப் பிடித்துக்கொண்டது. நூறு மடிப்புத் துணியை அடுக்கி வைத்து, மேலிருந்து கீழே மின்சாரக் கத்தியை ஓட்டினால் கடைசி மடிப்புவரை நூல் பிசகாது. அவர் வெட்டு என்றால் காதர்பேட்டை வியாபாரிகள் அளந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பெருமை தலைக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. மகன் தங்கதுரை பதினாறு வயதில் ஒரு கழுத்து வளைவைக் கோணலாக வெட்டினான். இரும்பு ஸ்கேலால் விழுந்த அடியில் அவன் மோதிர விரல் முறிந்தது. வளைந்தபடியே கூடிக்கொண்ட விரல் அது. பட்டாளத்து ஆள் அப்படித்தான் இருப்பார் என்று சொந்தபந்தம் மெச்சிக்கொண்டது. எனக்கு இதையெல்லாம் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

2006 மாசியில் ஒரு வெளிநாட்டு ஆர்டர். வண்டி கிளம்ப நாலே நாள் இருந்தது. சாயப்பட்டறையிலிருந்து துணி ரோலாக வந்து இறங்கியது புதன்கிழமை மதியம். பின்னல் துணி ரோலில் இழுபட்டுக் கிடக்கும். உருவி உதறி, ஒரு நாள் முழுக்கச் சும்மா போட்டு வைத்தால்தான் இழுப்பு தளர்ந்து தன் அளவுக்கு வரும். அவசரப்பட்டு வெட்டினால் வெட்டின பிறகு சுருங்கும். பனியன் தொழிலில் இருக்கும் யாருக்கும் இது தெரியும்.

கம்பெனியில் அப்போது கட்டிங் பார்த்தவன் பாண்டித்துரை. ராமநாதபுரம் பக்கத்துப் பையன், இரண்டு குழந்தைக்குத் தகப்பன். "அய்யா, துணி நாளை வரைக்கும் கெடக்கட்டும்யா" என்றான்.

"எனக்கே நீ பாடஞ் சொல்றயா? வெட்றா!" என்றார் அங்கமுத்து. கம்பெனியை இப்போது பார்த்துக்கொள்ளும் தங்கதுரை அன்று வெளியே போயிருந்தான். கம்பெனி இன்னமும் தன் சொல்லில்தான் ஓடுகிறது என்று காட்ட வேண்டும் அவருக்கு. பாண்டித்துரை வெட்டினான்.

சனிக்கிழமை காலை தைத்த பனியன்களை அளந்தார்கள். அத்தனையும் ஒரு அங்குலம் குறைவு. தங்கதுரைக்கு ஒரே காரணம்தான் தோன்றியது. அளவு அட்டையைக் குறுக்கி வைத்து வெட்டி, மிச்சத் துணியைப் பாண்டித்துரை வெளியே விற்றுவிட்டான் என்று. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவனை அடித்தான். முதலில் செருப்பு, பிறகு பெல்ட், பிறகு அதே இரும்பு ஸ்கேல். பாண்டித்துரையின் புருவம் கிழிந்து ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. தையல்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு, பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள்.

"பெரியவருதான்யா வெட்டச் சொன்னாரு! எம் புள்ளைக மேல சத்தியம்!"

"முப்பது வருஷ மாஸ்டர் அப்படிச் சொல்லுவாராடா?" தங்கதுரை அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். "ஏனுங்கப்பா, நீங்களா சொன்னீங்க?"

ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை.

"நான் எதுக்குடா சொல்றேன்" என்றார் அங்கமுத்து.

அதற்கப்புறம் தங்கதுரையைப் பிடிக்க முடியவில்லை. அவன் அப்பாமேலேயே பழி போட்ட வாய் அது. உதையில் பாண்டித்துரையின் முன்பல் தெறித்துத் துணி அடுக்கின்மேல் விழுந்தது. கட்டிங் மிஷினின் சுவிட்சைப் போட்டான். "திருடுன கை இருந்தாத்தானேடா இன்னொரு கம்பெனிக்குப் போவே." மணிக்கட்டைப் பிடிக்க எட்டினான். பாண்டித்துரை சுவரில் முதுகு ஒட்ட நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினான்.

காலியான கைகள். அங்கமுத்து முன்பு பார்த்த கைகள்.

தங்கதுரை தூக்கிய கையில் ஒன்றை இழுத்து மேசைமேல் அழுத்தி, ஓடுகிற கத்தியை நகர்த்தினான். அறுபத்தைந்து வயதுக் கிழவர் நடுவில் பாய்ந்து தன் இடது கையைக் கொடுத்தார். துணி வெட்டுபவர்கள் போடும் இரும்பு வலைக் கையுறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சுண்டு விரலும் பக்கத்து விரலும் வெள்ளைத் துணியில் தனியாகக் கிடந்தன.

"நாந்தாண்டா வெட்டச் சொன்னேன்" என்றார் மகனைப் பார்த்து. பிறகு பாண்டித்துரையைப் பார்த்தார். "என்ர தப்பு."

தங்கதுரை தன் வளைந்த விரலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பாண்டித்துரைதான் அந்த மூடின கண்ணோடு துணியைக் கிழித்து அவர் கையை இறுக்கிக் கட்டினான். ஆட்டோவில் ஏற்றிவிட்டு, சம்பளம்கூடக் கேட்காமல் குடும்பத்தோடு ஊருக்கு பஸ் ஏறினான். மன்னித்தானா என்று கேட்காதீர்கள். அவன் மறுபடி வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மாரக்காள் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். அங்கமுத்து விட்டத்தைப் பார்த்தபடி தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார். வாய்க்கால் மேடு, தூக்கின கைகள், விலாவில் மாட்டின கத்தி, முதுகில் தட்டினவர்கள். முப்பத்தைந்து வருஷத்தை மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினார். அவள் சுளையில் விதை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டயா" என்று அவர் உதடு அசைவதைக் கண்டு நிமிர்ந்தாள். ஸ்டூலைத் தூக்கி மறுபக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் காது கேக்காதுங்களே. இந்தப் பக்கஞ் சொல்லுங்க."

அங்கமுத்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதலிலிருந்து மறுபடி சொன்னார். இந்தத் தடவை வாய்க்காலில் ஆரம்பிக்கவில்லை. அவள் கேட்ட கேள்வியிலும் தான் விட்ட அறையிலும் ஆரம்பித்தார்.