கீரிமலைக்கும் பாரிசுக்கும் நடுவில் நாற்பது செக்கன்

கடந்த ஆடி மாதம் இருபது கிலோ கணினிச் சேர்வர் ஒன்றைக் கட்டிச் சுமந்துகொண்டு கொழும்பிலிருந்து சண்டிலிப்பாய்க்குப் போனேன். ஊர் பார்க்கும் பயணம் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் சின்னதாகத் தொடங்கிக் கிடுகிடுவென்று வளர்ந்த தொழில்கள் பல இப்போது சேர்வர் அமைத்துக் கொடுக்க ஆள் தேடுகின்றன. என்னைப்போல் பெட்டியோடு பஸ் ஏறப்போகிறவர்கள் நான் விட்ட பிழையை விடவேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அழைத்தவர் ரஞ்சினி அக்கா. அவரும் தம்பி தயாளனும் வீட்டு விசேஷங்களை வெளிநாட்டு உறவினர்களுக்கு இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள். ஒரு கமெராவோடு தொடங்கிய தொழில், இப்போது ஒரே முகூர்த்தத்தில் ஐந்து கலியாணம். வைகாசியில் தாலி கட்டும் நேரம் பார்த்துப் பழைய சேர்வர் படுத்துவிட்டது. லண்டன் மாமிமாரிடம் வாங்கிய பேச்சு அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை. ஆவணிக் கலியாணங்களுக்கு முன் புதியது ஓடவேண்டும் என்றார். ஓட வைக்காமல் திரும்புவதில்லை என்று நானும் முடிவெடுத்திருந்தேன்.

இரவு எட்டரைக்கு வெள்ளவத்தையில் பஸ். கட்டணம் மூவாயிரம் ரூபா. பெட்டியைக் கீழே சாமான்களோடு போட மறுத்து, அதற்கும் ஓர் இருக்கை வாங்கினேன். "உள்ளுக்கை என்ன, பிள்ளையோ?" என்றார் நடத்துநர். விடியற்காலை ஐந்தரைக்கு யாழ்ப்பாணம். அங்கிருந்து பத்துக் கிலோமீற்றர், ஓட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு. பெட்டியை நான் மடியில் அணைத்திருந்ததைப் பார்த்த சாரதி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்கூட்டியே குரல் கொடுத்தபடி ஓட்டினார்.

சேர்வருக்கு ஒதுக்கிய அறையில் வெங்காயம் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வெளியேற்றி, குளிரூட்டியும் பற்றரியும் பூட்டினோம். பிறகு கணக்கு. மாத சராசரியைப் பார்த்துச் சேமிப்பிடம் வாங்கினால் இங்கே கதை கந்தல். கலியாணம் எல்லாம் ஒரே நாளில் வந்து விழும். அந்த நெருக்கடி நாளை வைத்தே அளவெடுத்தேன். பதிவுகளை ஆறு மாதத்தில் அழிப்பது என்றும் பேசி முடித்தோம். பழைய சேர்வரிலிருந்து எல்லாவற்றையும் புதியதில் பிரதி எடுக்க இரண்டு நாள் பிடிக்கும். அதுவரை பழையதில் நேரலை செய்ய முடியாது. எந்த நாள் வெறுமை என்று அக்காவைக் கேட்டேன்.

"ஆடி முழுக்க வெறுமைதான் தங்கச்சி. கலியாணம் ஒண்டும் இல்லை. எப்ப எண்டாலும் செய்யுங்கோ."

அன்று மாலையே தொடங்கினேன். மறுநாள் காலை தயாளன் தேத்தண்ணீரோடு வந்து, "நாளைக்கு ஒன்பது மணிக்குக் கீரிமலையிலை அந்தியேட்டி. லைவ் இருக்குதுதானே?" என்று சாதாரணமாகக் கேட்டார். பிரதி முடிய நாளை மாலையாகும்.

விஷயம் இதுதான். அந்த வீட்டில் இரண்டு போன்கள். நல்ல காரியங்களுக்கு வருவது அக்காவின் போனில். செத்தவீடு, அந்தியேட்டி எல்லாம் தயாளனின் போனில். கலியாண வீட்டார் வந்து இருக்கும் இடத்தில் சாவுக் கதை கதைக்கக்கூடாது என்று, அவர் வாசல் படலைக்கு வெளியே போய்த்தான் பேசுவார். ஒன்றை மற்றதோடு சேர்த்துச் சொல்வதே இல்லை. நான் ஒரு போனை மட்டும் கேட்டிருந்தேன்.

தெல்லிப்பழையில் ஒரு தாய் இறந்து முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியைதான் அந்த அந்தியேட்டி. தாய்க்குக் கிரியை செய்யவேண்டிய இளைய மகன் சுகந்தன் பாரிசில். வதிவிட அனுமதி இன்னும் கிடைக்காததால் வரமுடியாது. அவனுக்குப் பதிலாகத் தமையன் செய்கிறார்.

"செத்தவீட்டையும் எங்கடை லைவிலைதான் பாத்தவன்," என்றார் தயாளன். "படம் நாப்பது செக்கன் பிந்தித்தான் போகும். தமையன் கொள்ளி வைச்சு முடிஞ்சாப்பிறகுதான் இவன் கண்டது. இந்த முறை தானும் அங்கை செம்பிலை தண்ணி வைச்சுக்கொண்டு, தமையனோடை சேர்ந்து விடவேணுமாம்."

"பிரதியை நிப்பாட்டிப்போட்டுப் பழசிலை விடேலாதோ?" என்று கேட்டார் அக்கா.

முடியும். ஆனால் அதே நாற்பது செக்கன் பிந்தும். புதியதில் இரண்டு செக்கன்தான். அதை இன்னும் ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. பிரதி ஒரு பக்கம் ஓடட்டும், நேரலை புதியதிலேயே போகட்டும் என்றேன். அன்று பகல் முழுக்கச் சோதித்தோம். மூன்று தடவை நேரலை அறுந்தது, நாலாம் தடவை அறாமல் ஓடியது.

சண்டிலிப்பாயிலிருந்து கீரிமலை பத்துக் கிலோமீற்றருக்குச் சற்று மேல். மறுநாள் காலை ஏழரைக்குத் தயாளனின் வான் வண்டியில் புறப்பட்டோம். கீரிமலைத் தீர்த்தக் கேணியின் மதிலோரம் சிக்னல் குறைவு. மேலே ஏறிக் கடல் பக்கம் நின்றால் நன்றாக இருக்கும். இரண்டு கம்பனி சிம்மும் கொண்டுபோங்கள், நாங்கள் இரண்டாவதில்தான் தப்பினோம்.

கிரியை நடந்துகொண்டிருக்கையில் தயாளன் சுகந்தனைப் போனில் எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டுத் தமையனுக்குப் பக்கத்தில் வைத்தார். எள்ளும் தண்ணீரும் விடும் நேரம். தமையன் செம்பைச் சரிக்காமல் நிறுத்தினார்.

"தம்பி, என்ரை கை தெரியுதோ?"

"ஓம் அண்ணை. இப்ப தெரியுது."

"அப்ப சேர்ந்து விடுவம்."

குருக்கள் மந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தார். தமையன் விட்டார். நான் கமெராவுக்குப் பின்னால் நின்று அழுதேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

திரும்பி வரும் வழியில் சுகந்தனிடமிருந்து தயாளனுக்குக் குரல் பதிவு ஒன்று வந்தது: "அண்ணை, உந்தப் பதிவை மட்டும் அழிச்சுப்போடாதேங்கோ."

அன்றே கணக்கைத் திருத்தினேன். கலியாணங்களுக்கு ஆறு மாதம். தயாளனின் போனில் வருகிறவற்றுக்குக் காலக்கெடு இல்லை. அதற்கென்று இன்னும் இரண்டு ஹார்ட் டிஸ்க். அக்கா விலை கேட்டார், ஏன் என்று கேட்கவில்லை.

நீங்களும் இப்படிப் போவதாக இருந்தால் பஸ்ஸில் சேர்வருக்குத் தனி இருக்கை எடுங்கள். சேமிப்பை நெருக்கடி நாளுக்கு அளவெடுங்கள். வெறுமையான நாள் எது என்று கேட்கும்போது படலைக்கு வெளியே போய்ப் பேசுகிறவரையும் கேளுங்கள்.

சுகந்தன் கேட்ட கீரிமலைப் பதிவு இப்போது புதிய சேர்வரில் இருக்கிறது. சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை ஓடவிட்டேன். கீரிமலையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இரண்டு செக்கன் கழித்து, போனுக்குள்ளிருந்து, பாரிசில் விழும் சத்தம்.