மைக் கத்தாத ஞாயிறு

மாதா கோயிலில் பூசைக்கு முன்பு சவுண்டு சர்வீஸ்காரர் புதுப் பெட்டி ஒன்றை மாட்டினார். "இனிமே மைக் கத்தாதுக்கா. கத்த ஆரம்பிக்கும்போதே இது கண்டுபுடிச்சு அமுக்கிடும்" என்றார் என்னிடம்.

பைபிளிலிருந்து முதல் வாசகம் படிக்க என் மகள் மைக் முன்னால் போய் நின்றாள். என்னைப் போலவே மெல்லிய குரல் அவளுக்கு.

எனக்குப் பத்து வயதில் அதே இடத்தில் நின்றேன். சாம்பிராணிப் புகையில் கண் எரிந்தது. என் குரல் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினார்கள். மைக் வீலென்று கத்தியது. முன் பெஞ்சில் பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்கும் பெரிய வீட்டு அம்மாக்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா எழுந்து வந்து, "நீ வா பாப்பா, அக்கா படிக்கட்டும்" என்றார். அக்காவுக்குக் கணீர்க் குரல். மைக் அவளிடம் வாலாட்டியது. அதன்பிறகு எல்லாத் திருநாளிலும் அவள்தான் படித்தாள். "மைக்குக்கே உன்னப் புடிக்கலடி" என்று வீட்டில் சிரிப்பாள். அவளுக்குத் தொண்டை கட்ட வேண்டுமென்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன்.

இன்று மகளின் குரல் கடைசி பெஞ்சு வரை தெளிவாக வந்தது. ஒரு கீச்சு இல்லை. ஆண்டவரே, பெற்ற வயிறு குளிர்ந்திருக்க வேண்டும், எனக்கு எரிந்தது.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள், "நல்லா படிச்சனாம்மா?" என்று கிசுகிசுத்தாள்.

"பெட்டி நல்லா வேலை செய்யுது" என்றேன்.